கூட்டத்தோடு வருகிறார் என்று நினைத்தோம்



இது நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் என் பீரியட் ஐந்து நிமிடம் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

போன வாரம் இங்கே நான்கு வரி எழுதியிருந்தேன். பண்டிகைக்கும் அசனத்துக்கும் செலவிடுகிற நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது ஆண்டவரோடு தனியாக இருக்கிறோமா என்று கேட்டிருந்தேன். அன்று ராத்திரியே போன் வர ஆரம்பித்துவிட்டது. மைத்துனர் ஒருவர், "அத்தான், இந்த வயசுல எதுக்கு ஊர்ப் பகை? பேசாம இருங்களேன்" என்றார். சபையில் பொறுப்பில் இருக்கும் ஒரு தம்பி, "அண்ணாச்சி, நீங்க யாரைச் சொல்றீங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்று வருத்தப்பட்டார். துபாயில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் அனுப்பிய செய்திதான் என்னைத் தூங்கவிடவில்லை. "சார், சண்டே ஸ்கூல், குவையர், கேரல் ரவுண்ட்ஸ், அசனத்துல பந்தி பரிமாறுறது எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே? இப்போ நீங்களே அதெல்லாம் வேண்டாம்னு சொன்னா நாங்க எதை நம்புறது?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

தம்பி, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை கெட்டவை என்றால் எனக்கு வேலை மிச்சம். குடியைப் பற்றியும் பொய்யைப் பற்றியும் வட்டிக்கு விடுவதைப் பற்றியும் எச்சரிக்க எல்லாப் பிரசங்கிகளும் இருக்கிறார்கள். குடித்துவிட்டு வருகிறவனுக்குத் தான் ஆண்டவரை விட்டு விலகிப்போனது தெரியும். வெட்கப்பட்டாவது ஒருநாள் திரும்புவான். கோயில் வேலையிலேயே விலகிப்போனவனுக்கு அது தெரியாது. அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவும் மாட்டார்கள். சால்வைதான் போடுவார்கள். எனக்கும் போட்டிருக்கிறார்கள். ஏழெட்டு சால்வை பீரோவில் கிடக்கிறது.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் வருகிறது. இயேசுவுக்குப் பன்னிரண்டு வயது. குடும்பமாகப் பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் போகிறார்கள். பண்டிகை முடிந்து ஊர் திரும்பும்போது பிள்ளை எருசலேமிலேயே நின்றுவிடுகிறார். யோசேப்பும் மரியாளும் கவனிக்கவில்லை. உறவுக்காரர்களோடும் தெரிந்தவர்களோடும் வந்துகொண்டிருப்பார் என்று எண்ணி ஒரு நாள் முழுவதும் நடந்துவிட்டார்கள். பிறகு தேடினார்கள். கூட்டத்தில் இல்லை. திரும்பி எருசலேம் போய் அவரைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று.

அவர்கள் மோசமான பெற்றோர் அல்ல. சினிமாக் கொட்டகையிலோ சந்தையிலோ பிள்ளையைத் தொலைக்கவும் இல்லை. பண்டிகைக்குப் போய், ஆராதித்து, பக்தியுள்ள ஜனங்களின் கூட்டத்தோடு திரும்பும் வழியில் தொலைத்தார்கள். கூட்டம் நல்ல கூட்டம், பாதை சரியான பாதை. அவர் மட்டும் கூட இல்லை. அவர் இல்லாமலேயே ஒரு நாள் தூரம் எந்தக் குறையும் தெரியாமல் நடக்க முடிந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்கள் ஒரு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் எத்தனை வருடமாக நடந்துகொண்டிருக்கிறோம்?

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாச் சேகரத்திலும் இதே கதைதான்.

பிரதிஷ்டைப் பண்டிகைக்காகக் கூடிய ஒரு கமிட்டிக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். கணக்கு வாத்தியார் புத்தி போகாதே, கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். கூட்டம் நடந்தது 140 நிமிடம். ஆட்டுக்கறியா கோழிக்கறியா, எந்தச் சமையல்காரர் என்பதற்கு 55 நிமிடம். வாசலில் வைக்கும் பிளெக்ஸ் போர்டில் யார் படம் முதலில் வரவேண்டும், யார் படம் பெரிதாக வரவேண்டும் என்பதற்கு 40 நிமிடம். மைக் செட், சீரியல் லைட், நேரலை ஒளிபரப்பு ஆகியவற்றுக்கு 25 நிமிடம். போன வருடக் கணக்கில் விழுந்த துண்டுக்கு 16 நிமிடம். ஆரம்ப ஜெபமும் முடிவு ஜெபமும் சேர்த்து 4 நிமிடம். அந்த நான்கு நிமிடம் போக, மீதி 136 நிமிடத்தில் இயேசு என்ற பெயரை ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சமையல்காரர் விஷயத்தில் அதிகம் பேசியது நான்தான்.

இதை வாசிக்கிற என் மாணவர்களில் இந்துப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். உங்களில் பலர் அசனத்தில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். அசனம் எவ்வளவு நல்ல காரியம் என்பது உங்களுக்கே தெரியும். பணக்காரர், ஏழை, இன்ன ஜாதி என்று பாராமல் ஒரே பந்தியில், ஒரே பானைச் சோறு. கர்த்தருடைய பந்தியை ஊருக்கே விரித்துக் காட்டுகிற காரியம் அது. அவ்வளவு நல்லதாக இருப்பதால்தான் அதன் பின்னால் அவரை மறைத்துவைக்க முடிகிறது. சின்னப் பொருளுக்குப் பின்னால் பெரிய ஆளை ஒளித்துவைக்க முடியுமா?

2020ஆம் வருடத்தை எல்லாரும் மறந்துவிட்டோம். மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. கோயில் பூட்டப்பட்டது. ஏப்ரல் 10 பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை இல்லை. ஏப்ரல் 12 ஈஸ்டர். அதிகாலை ஆராதனை இல்லை, மணி இல்லை, குவையர் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படி ஓர் ஈஸ்டர் இருந்ததில்லை. விடியற்காலை நாலரை மணிக்குப் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். வேட்டி கட்டி, முன்னறையில் வேதாகமத்தோடு உட்கார்ந்தேன். ஆண்டவரிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

பிள்ளைகளே, என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. ஜெப புத்தகத்தைத் திறந்தால் சொல்ல வரும். மைக்கைக் கையில் கொடுத்தால் பத்து நிமிடம் சரளமாக ஜெபிப்பேன். ஒருவரும் இல்லாத அறையில், உயிர்த்தெழுந்தவர் என்று நான் அறுபது வருடமாக அறிக்கை செய்தவரிடம் பேச எனக்குப் பழக்கம் இல்லை. பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, வீட்டுக்காரரோடு தனியாக உட்கார நேர்ந்ததும் பேச விஷயம் இல்லாமல் கூச்சப்படுகிற மாதிரி இருந்தது. இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு டிவியில் ஆராதனை போட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் அவர் ஒரு தடவை எடுத்துப் பார்த்தார். மிச்சம் என்ன இருந்தது என்பதுதான் தேர்வு. நான் தோற்றுப்போனேன். கோயில் திறந்ததும் நாம் என்ன செய்தோம்? விட்டதற்கெல்லாம் சேர்த்து வட்டியோடு பண்டிகை நடத்தினோம்.

துபாய்த் தம்பி கேட்ட சண்டே ஸ்கூலுக்கு வருகிறேன். நான் பொறுப்பில் இருந்த வருடங்களில் நம் பிள்ளைகள் மனப்பாட வசனப் போட்டியிலும் வேத வினாடி வினாவிலும் வாங்கிய ஷீல்டுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. ஒரு பெண் பிள்ளை நீண்ட சங்கீதம் ஒன்றைத் தடங்காமல் ஒப்பித்து முதல் பரிசு வாங்கினாள். இப்போது அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். "அந்தச் சங்கீதம் இன்னும் ஞாபகம் இருக்காம்மா?" என்று பெருமையாகக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "முழுசா இருக்கு சார். ஒரு வார்த்தை விட்டுட்டா ஷீல்டு போயிரும்னு ராத்திரியெல்லாம் பயந்தது அதைவிட நல்லா ஞாபகம் இருக்கு. அது ஒருத்தர் கஷ்டத்துல கடவுள்கிட்ட பேசின பேச்சுன்னு, எனக்குக் கஷ்டம் வந்தப்புறம்தான் சார் தெரிஞ்சது."

அவள் குறை சொல்லவில்லை. என் மேல் பிரியத்தோடுதான் சொன்னாள். ஆனால் ஒரு வாத்தியாருக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? விடையை மனப்பாடம் பண்ணவைத்து, கணக்கைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் யாராவது அப்படிச் செய்தால் நான் சும்மா விட்டிருப்பேனா?

வேதம் வாசிப்பதைவிட நல்ல காரியம் என்ன இருக்கிறது? ஆனால் அதுவும் திரையாகலாம். வருடத்துக்குள் முழு வேதாகமத்தையும் முடிக்க அட்டவணை போட்டு, தினம் நான்கு அதிகாரம் ஓடி, கட்டத்தில் டிக் அடித்துவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கிறோம். யோவான் 5ஆம் அதிகாரத்தில் இயேசு சிலரோடு வாதாடுகிறார். அவர்கள் வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். அந்த எழுத்துகள் யாரைக் காட்டுகின்றனவோ அவர் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறார். அவர்கள் அவரிடம் வரவில்லை. கைகாட்டி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊருக்குப் போகாமல் நின்றவர்கள் அவர்கள்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையையும் சொல்லவேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் அட்டை எடுக்கிறோம். நல்ல வசனம் வந்தால் சந்தோஷம். எச்சரிப்பாக வந்தால் முகம் வாடுகிறது. மெதுவாக இன்னொன்று எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டோம், கொடுத்தவரை விட்டுவிட்டோம். கிளி ஜோசியக்காரனிடம் போகாதே என்று பிள்ளைகளைக் கண்டித்துவிட்டு, நாம் கோயிலுக்குள் நின்று சீட்டு எடுக்கிறோம்.

"தேவன் கொடுத்த நல்ல காரியங்களை இப்படிப் பேசலாமா" என்று யாராவது கேட்டால், 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வனாந்தரத்தில் பாம்பு கடித்துச் செத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்காக மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் நினைவிருக்கும். செய்யச் சொன்னவர் கர்த்தர். அதைப் பார்த்துப் பிழைத்தவர்கள் பலர். பல நூறு வருடங்களுக்குப் பிறகு எசேக்கியா ராஜா அதே சர்ப்பத்தை உடைத்துப் போட்டான். ஏன்? ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்நிய தேசத்திலிருந்து வந்த விக்கிரகம் அல்ல அது. சாட்சியுள்ள, சரித்திரம் உள்ள, தேவனே கொடுத்த பொருள். யோவான் 3ஆம் அதிகாரத்தில் இயேசுவே அதைத் தமக்கு அடையாளமாகச் சொல்லுகிறார். அப்பேர்ப்பட்டதையே உடைக்கவேண்டி வந்தது என்றால், நம் அசனமும் கன்வென்ஷனும் குவையரும் அதைவிடப் பரிசுத்தமா?

நம் சரித்திரப் பெருமையும் ஒரு வெண்கலச் சர்ப்பம்தான். 1799இல் முதலூர் உண்டானது, 1820இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது, 1841இல் கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்தது, அந்த ஆலயத்தைக் கட்டி முடிக்க 33 வருடம் ஆனது எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். "நாங்க ஏழு தலைமுறைக் கிறிஸ்தவங்க" என்று பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஏழு தலைமுறைக்கு முந்திய அந்தத் தாத்தா இயேசுவுக்காக வீட்டையும் ஊரையும் விட்டு வெளியே வந்தார். நான் எதை விட்டேன்? அவர் விட்டு வந்ததை நான் மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன்.

நம் கோயில்களில் சுவர் நிறையக் கல்வெட்டு. காம்பவுண்ட் சுவருக்கு ஒன்று, கொடிமரத்துக்கு ஒன்று, கழிப்பறைக்கும் ஒன்று. திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், கமிட்டி அங்கத்தினர் பெயர்கள். பெயர் விட்டுப்போனதால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எனக்குத் தெரியும். டோனாவூருக்குப் போய்ப் பாருங்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். தன் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து, "அம்மை" என்று மட்டும் பொறித்தார்கள். ஓடி ஓடி உழைத்த அந்த அம்மா 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் படுக்கையிலும் அறையிலும்தான். ஓட்டம் எடுபட்டது. ஆண்டவர் எடுபடவில்லை. அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். எனக்குக் கோயில் பூட்டிய மூன்றாம் வாரத்தில் பேச வாய் வரவில்லை என்று சொன்னேன் அல்லவா? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி மறுப்புகள். மூன்று வந்திருக்கின்றன.

முதலாவது, மார்த்தாள் இல்லாவிட்டால் எல்லாரும் பட்டினிதானே என்பது. பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரி ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். அம்மா, உங்கள் கோபம் சரிதான். சமையலறையில் வெந்து சாகிறவர்கள் நீங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து "மரியாளைப் போல இருங்கள்" என்று சொல்கிறவர்கள் நாங்கள். ஆனால் லூக்கா 10ஐக் கவனமாக வாசித்துப் பாருங்கள். மார்த்தாள் சமைத்ததை ஆண்டவர் குறை சொல்லவில்லை. அவளுடைய மனசு பல திசையில் இழுபட்டதைத்தான் சொன்னார். வேலை அதிகமானதும் அவள் அவரிடமே வந்து, தங்கையை எழுப்பி அனுப்பும்படி அவருக்கே உத்தரவு போடுகிறாள். விருந்து யாருக்காகவோ அவரையே கடிந்துகொள்கிற அளவுக்கு விருந்து பெரிதாகிவிட்டது. பிறகு யோவான் 12க்கு வாருங்கள். பெத்தானியாவில் மறுபடியும் ஒரு விருந்து. மார்த்தாள் அங்கேயும் பரிமாறுகிறாள். வேலை அதேதான். முறுமுறுப்பு மட்டும் இல்லை. ஆண்டவர் அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கவில்லை. அவளைத் தம் பக்கம் திருப்பியிருக்கிறார். கரண்டியைக் கீழே போடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

இரண்டாவது, நிகழ்ச்சிகளைக் குறைத்தால் வாலிபர் வேறு சபைக்குப் போய்விடுவார்கள் என்பது. ஐயா, அவர்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறார்கள். நாம் ஒரு கீபோர்டு வைத்தால் அவர்கள் டிரம்ஸ் வைக்கிறார்கள். நாம் டிரம்ஸ் வைத்தால் அவர்கள் எல்இடி திரை வைக்கிறார்கள். இந்தப் போட்டியில் நாம் ஜெயிக்கவே முடியாது. ஜெயித்தாலும் பலன் இல்லை. நிகழ்ச்சிக்காக வந்தவன் அதைவிட நல்ல நிகழ்ச்சிக்காகப் போவான். நம் வாலிபர்களில் எத்தனை பேர், ஒரு பெரியவர் தனியாக முழங்காலில் நின்று ஜெபிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? என் அம்மா தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து, காணிக்கைக் கலயத்தில் போட்டுவிட்டு, அடுப்பங்கரையிலேயே கண்ணை மூடி நிற்பாள். அரை நிமிடம் இருக்கும். யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. இன்று எனக்கு விசுவாசம் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது அந்த அரை நிமிடத்திலிருந்து வந்தது. எந்தக் கன்வென்ஷனிலிருந்தும் அல்ல.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. ஒரு குருவானவரே எழுதினார். "ஐயா, சிறியவரில் ஒருவருக்குச் செய்வதைத் தமக்கே செய்ததாக ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே. அப்படியானால் பந்தியில் பரிமாறுவது அவருக்குப் பரிமாறுவதுதானே? இயேசு வேறு, சேவை வேறு என்று ஏன் பிரிக்கிறீர்கள்?"

இதற்குப் பதிலாக வாதம் எதுவும் சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இந்தப் பதிவே.

போன வருட அசனத்தன்று நான் டோக்கன் பொறுப்பில் நின்றேன். காலை பதினொன்றரைக்கெல்லாம் கூட்டம் நெருக்கியது. அப்போது என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். சட்டை கசங்கி, கண் சிவந்து இருந்தது. "சார், ஒரு அஞ்சு நிமிஷம் உங்ககிட்டப் பேசணும்" என்றான். "பந்தி முடியட்டும்டே, அப்புறம் வா" என்று சொல்லிவிட்டு டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், வேப்பமரத்தடியில் நின்றான். "சாப்பிட்டியாடே?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான். ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி முடிந்து பார்த்தபோது மரத்தடியில் ஆள் இல்லை. டோக்கன் கணக்கு சரியாக இருந்தது என்ற சந்தோஷத்தில் அவனை மறந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து விசாரித்தால், ஆட்டோவை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டான் என்றார்கள். திருப்பூர் என்றார் ஒருவர், கேரளா என்றார் இன்னொருவர். போன் நம்பர் மாறிவிட்டது. அன்று அவன் என்ன சொல்ல வந்தான் என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

குருவானவர் ஐயா, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. சிறியவரில் ஒருவராக ஆண்டவர் அன்று வந்தார். மூன்று மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றார். அவருடைய பெயரில் நடந்த விருந்தில் நான் மும்முரமாக இருந்ததால் எனக்கு நேரம் இல்லை. சேவையையும் இயேசுவையும் பிரித்தது நான் எழுதிய பதிவு அல்ல ஐயா, நான் கிழித்த டோக்கன்.

அன்று நான் சீட்டாடிக்கொண்டிருந்தேன் என்றால், அவன் வந்ததும் வெட்கப்பட்டு எழுந்திருப்பேன். கோயில் வேலையில் இருந்ததால் எனக்கு வெட்கம்கூட வரவில்லை. லூக்கா 14இல் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் சொன்ன சாக்குகளைப் பாருங்கள். ஒருவன் வயல் வாங்கினான், ஒருவன் ஏர்மாடு வாங்கினான், ஒருவன் கல்யாணம் பண்ணினான். ஒன்றுகூடப் பாவம் இல்லை. எல்லாம் கர்த்தர் கொடுக்கிற ஆசீர்வாதம். அந்த ஆசீர்வாதங்களே அவர்களை விருந்துக்கு வரவிடவில்லை.

என்ன செய்யலாம்? எனக்கு நானே வைத்துக்கொண்ட மூன்று கேள்விகளைச் சொல்கிறேன். உங்களுக்கு உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: இந்தக் காரியத்தை நாளைக்கே என்னிடமிருந்து எடுத்துவிட்டால், எனக்கும் ஆண்டவருக்கும் இடையில் பேச ஏதாவது மிச்சம் இருக்குமா?

இரண்டு: இதில் எனக்குக் கோபம் எப்போது வருகிறது? ஏழை ஒருவன் விடுபட்டபோதா, என் பெயர் விடுபட்டபோதா?

மூன்று: இதைச் செய்துகொண்டிருக்கும்போது என்னைத் தேடி ஒருவர் வந்தால் எழுந்துபோக முடியுமா? முடியாது என்றால் அந்தக் காரியம் இயேசுவுக்காகச் செய்யப்படுவது அல்ல. அது எனக்கு எஜமான் ஆகிவிட்டது.

கமிட்டிச் சகோதரர்களுக்கு ஒரு விண்ணப்பம். பகையாக நினைக்கவேண்டாம். இந்த வருட அசனத்தன்று மரத்தடியில் இரண்டு நாற்காலி போடுங்கள். எந்தப் பொறுப்பும் இல்லாத இரண்டு பெரியவர்கள் அங்கே உட்காரட்டும். பேசவேண்டும் என்று வருகிறவர்களிடம் பேசட்டும், கேட்கட்டும், ஜெபிக்கட்டும். பிளெக்ஸில் அவர்கள் படம் வேண்டாம். செலவு ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலியில் உட்கார நான் வருகிறேன். டோக்கன் வேலைக்கு வேறு யாரையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு: பண்டிகைக்கு வாருங்கள், பாடுங்கள், பரிமாறுங்கள். நான் சொல்லிக் கொடுத்தது எதையும் விடவேண்டாம். நான் சொல்லிக் கொடுக்காமல் விட்டதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தினம் பத்து நிமிடம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, புத்தகமும் பாட்டும் இல்லாமல், அவரோடு சும்மா இருங்கள். முதல் நாள் கூச்சமாக இருக்கும். எனக்கு இன்னும் சில நாள் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது டிவி போடுவதில்லை.

யோசேப்பும் மரியாளும் கூட்டத்தை நொந்துகொண்டு நிற்கவில்லை. வந்த வழியே திரும்பினார்கள். திரும்பினால் அவர் கிடைப்பார். அவர் ஓடி ஒளிகிறவர் அல்ல.

கடைசியாக ஒன்று. அந்த ஆட்டோத் தம்பி யார் என்று அவனோடு படித்த சிலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பெயரை இங்கே கமெண்டில் போடாதீர்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவனிடம், "சார் உன் அஞ்சு நிமிஷத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கார்டே" என்று சொல்லுங்கள். பஸ் ஏறிப் போய்ப் பார்க்க எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

மற்றவர்கள் "ஆமென்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகவேண்டாம். தப்பு என்று பட்டால் தப்பு என்று எழுதுங்கள். வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டவனை நான் ஒருநாளும் உட்காரவைத்ததில்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்